ஹேரியட் டப்மன் பற்றி பத்து வயதுப் பெண்ணுக்கு எந்தப் புத்தகம்? ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கணக்கு இருக்கிறதே

தாமரை_மேரிலாந்து:

எல்லோருக்கும் வணக்கம். மகள் ஐந்தாம் வகுப்பு, வயது 10. பிப்ரவரி கறுப்பின வரலாற்று மாதம் என்பதால் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை முழுதாகப் படித்து, வகுப்பில் அவராகவே நின்று சில நிமிடம் பேச வேண்டும். நாங்கள் இருப்பது மேரிலாந்து, டப்மன் பிறந்ததும் இதே மாநிலம் என்பதால் அவள் யோசிக்கவே இல்லை, ஹேரியட் டப்மன் என்று சொல்லிவிட்டாள். அடிமையாகப் பிறந்து தப்பித்து, திரும்பத் திரும்பப் போய் மற்ற அடிமைகளையும் மீட்டு வந்தவர்.

நூலகத்துக்குப் போய் கிடைத்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தோம், அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. ஒன்றில் 19 தடவை தெற்கே போய் 300 பேரை மீட்டார் என்று இருக்கிறது. இன்னொன்றில் சுமார் 13 தடவை, 70 பேர். ஒன்றில் பிறந்த வருடம் 1820, மற்றொன்றில் 1822. ஒரு படப் புத்தகத்தில் அவர் தலைக்கு 40,000 டாலர் விலை வைத்திருந்தார்கள் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. "அம்மா, இதுல யாரு பொய் சொல்றாங்க?" என்று கேட்கிறாள், எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்னொரு கவலையும் உண்டு. அவள் சட்டென்று கலங்கிவிடுகிற பிள்ளை. சவுக்கடி, தாயைப் பிரித்து விற்பது இதையெல்லாம் படித்தால் தூங்க மாட்டாள். ஆனால் அதை விட்டுவிட்டு டப்மன் கதையை எப்படிச் சொல்வது? வேறு யாரையாவது எடுக்கச் சொல்லலாமா? உங்கள் பிள்ளைகளுக்கு எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், சொல்லுங்கள்.

நூலகத்தில்_ஒருவன்:

நியூஜெர்சியில் ஒரு பொது நூலகத்தின் சிறுவர் பிரிவில் வேலை பார்க்கிறேன், ஜனவரி கடைசி வந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். யாரும் பொய் சொல்லவில்லை என்று மகளிடம் சொல்லுங்கள். பழைய புத்தகத்தைப் பார்த்துப் புதிய புத்தகம் எழுதுகிறவர்கள் பழைய எண்ணையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

19 பயணம், 300 பேர் என்ற கணக்கு சாரா பிராட்ஃபோர்ட் என்ற பெண்மணி எழுதிய புத்தகங்கள் வழியாகப் பரவியது. முதல் புத்தகம் 1869-ல் வந்தது. அப்போது டப்மன் நியூயார்க் மாநிலத்தில் ஆபர்ன் ஊரில் வயதான பெற்றோரை வைத்துக்கொண்டு பணக்கஷ்டத்தில் இருந்தார். புத்தகம் விற்று வரும் பணம் அவருக்குப் போகட்டும் என்ற நல்லெண்ணத்தில் அவசர அவசரமாக எழுதியது அது. டப்மனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அச்சான பிறகு தன் கதையை அவரே படித்துத் திருத்தவும் வழியில்லை. ஆனால் 1858, 1859-ல் கூட்டங்களில் பேசியபோது எட்டு அல்லது ஒன்பது பயணம், 50 முதல் 60 பேர் என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். கடைசிப் பயணம் 1860-ல். ஆவணங்களைத் தோண்டிப் பார்த்த பிற்கால ஆய்வாளர்கள் ஏறக்குறைய 13 பயணம், சுமார் 70 பேர் என்ற கணக்குக்கு வந்திருக்கிறார்கள். அது போக, இன்னும் 70 பேருக்கு எந்த வழியில் போக வேண்டும், யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

40,000 டாலர் விலை அப்படி யாரும் வைக்கவில்லை. 1849-ல் அவரும் இரண்டு சகோதரர்களும் ஓடியபோது அவர்களை உடைமையாக வைத்திருந்த எலைசா பிராடெஸ் கொடுத்த விளம்பரம் இருக்கிறது. மாநிலத்துக்கு வெளியே பிடித்தால் ஆளுக்கு 100 டாலர். அந்த விளம்பரத்தின் படம் இப்போது எளிதாகக் கிடைக்கும், மகளிடம் காட்டுங்கள். "மின்ட்டி" என்று அவர் சின்ன வயதுப் பெயரில் போட்டிருப்பார்கள்.

எனவே, கையில் இருக்கும் புத்தகங்களில் 300-ம் 40,000-ம் இருப்பவற்றை ஓரமாக வையுங்கள். அப்புறம் மிச்சமிருப்பவற்றின் கடைசிப் பக்கங்களைத் திருப்பிப் பாருங்கள். எதை எங்கிருந்து எடுத்தேன், எந்த உரையாடல் என் கற்பனை என்று எழுதியவர் சொல்லியிருக்கிறாரா? சின்னப் பிள்ளைகளுக்கான புத்தகம்தானே என்று அதை விட்டுவிடுகிறவர்களை நான் நம்புவதில்லை.

செவ்வந்தி:

10 வயதுக்கு இதெல்லாம் ரொம்பக் கனம் என்று எனக்குத் தோன்றுகிறது. பிள்ளை பயப்படுகிறாள் என்றால் வேறு ஆளை எடுக்கலாமே. விளையாட்டு வீரர், பாடகர் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

வானம்பாடி:

செவ்வந்தி சொல்வதை வேறு விதமாகச் சொல்கிறேன். ஆப்பிரிக்க அமெரிக்கர் என்றாலே அடிமை வாழ்வு, அடி, அழுகை என்று மட்டும் பிள்ளைகள் மனதில் பதிந்துவிடக் கூடாது. என் மகளுக்கு நான் கேத்தரின் ஜான்சனை எடுத்துக் கொடுத்தேன். 1918-ல் மேற்கு வர்ஜீனியாவில் பிறந்தவர். மாடிப்படி, கழுவுகிற தட்டு என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணிக்கொண்டே இருந்த பெண். 10 வயதிலேயே உயர்நிலைப் பள்ளிக்குப் போனவர், 18 வயதில் கல்லூரிப் பட்டம் வாங்கியவர். 1953-ல் லாங்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார், அது பிறகு நாசாவின் பகுதியானது. 1962-ல் ஜான் கிளென் பூமியைச் சுற்றக் கிளம்புவதற்கு முன், கணினி போட்ட கணக்கை "அந்தப் பெண்" ஒருமுறை கையால் சரிபார்க்கட்டும் என்று கேட்டது இவரைத்தான். 101 வயது வரை வாழ்ந்து 2020-ல் காலமானார். தன் கதையைச் சிறுவர்களுக்காகத் தானே சொல்லி 2019-ல் ஒரு புத்தகமும் வந்திருக்கிறது. என் மகள் அதைப் படித்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தை எடுத்தாள், எனக்கு வேறென்ன வேண்டும்?

யாழ்_வடலி:

நான் டொராண்டோவில் பள்ளியில் வரலாறு படிப்பிக்கிறேன். வானம்பாடி, கேத்தரின் ஜான்சன் அருமையான தேர்வு, ஆனால் அது கஷ்டம் இல்லாத கதை இல்லையே. அவர் ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்காகத் தகப்பன் குடும்பத்தையே கிட்டத்தட்ட 120 மைல் தள்ளி இன்ஸ்டிடியூட் என்ற ஊருக்குக் குடிவைத்தார். இந்தப் பகுதியை இரண்டு வரியில் தாண்டிவிடுகிற புத்தகமும் உண்டு, நிதானமாகச் சொல்கிற புத்தகமும் உண்டு. இரண்டாவதைத்தான் நான் எடுப்பேன்.

லாங்லி உணவுக்கூடத்தில் கையால் கணக்குப் போடுகிற கறுப்பினப் பெண்களுக்கு என்று ஒரு மேசை ஒதுக்கி அதில் பலகை வைத்திருந்தார்கள். மிரியம் மான் என்ற பெண் அதை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். கொஞ்ச நாளில் இன்னொன்று வரும், அதையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். கடைசியில் பலகை வருவது நின்றது. இந்தச் சம்பவத்தை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். யாரும் அழுவதில்லை, ஆனால் அநியாயம் என்ன என்பது பத்து வயதுக்கும் நல்லாய் விளங்கிவிடும். இவர்களைப் பற்றிய 'ஹிடன் ஃபிகர்ஸ்' திரைப்படத்தில் கேத்தரின் மழையில் அரை மைல் ஓடிக் கழிவறைக்குப் போகிறார், நேரில் அப்படி நடக்கவில்லை. அவர் பலகை ஏதும் இல்லாத பக்கத்துக் கழிவறையைப் பேசாமல் பயன்படுத்தினார். அலைய நேர்ந்தது அங்கேயே வேலை பார்த்த மேரி ஜாக்சனுக்கு. படம் பார்த்துவிட்டு எழுதிய புத்தகமா, ஆட்களிடம் கேட்டு எழுதிய புத்தகமா என்று கண்டுபிடிக்க இந்த ஒரு இடம் போதும்.

தாமரை, ஆளை மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. பிள்ளை தானாகவே ஒருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள், அது பெரிய விஷயம். பயமுறுத்தாத ஆளைத் தேடி அலைவதைவிட, உண்மையைப் பக்குவமாகச் சொல்கிற புத்தகத்தைத் தேடுவது நல்லது.

தாமரை_மேரிலாந்து:

நன்றி எல்லோருக்கும். நூலகரே, நீங்கள் சொன்னபடி பார்த்தேன், கொண்டுவந்ததில் பாதி கழிந்துவிட்டது. மிச்சத்தில் ஒன்று மெல்லிய படப் புத்தகம், இன்னொன்று தடிமனாக, பழைய விளம்பரங்களும் வரைபடமும் போட்டு இருக்கிறது. யாழ்_வடலி, "பக்குவமாகச் சொல்கிற" என்கிறீர்களே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாப் புத்தகத்தையும் நான் முழுதாகப் படித்துப் பார்க்க நேரம் இல்லை.

யாழ்_வடலி:

முழுதாகப் படிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு இடம் இருக்கும், அந்த இடத்தை மட்டும் திறந்து பாருங்கள்.

பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். "நாள் முழுக்கத் தைத்துக் களைத்துப்போன ஒரு தையற்காரப் பெண், கால் வலியால் எழும்ப மறுத்தார்" என்று ஒரு புத்தகம் சொன்னால் அதை மூடிவிடலாம். 1955 டிசம்பர் 1 அன்று அவருக்கு 42 வயது. 1943 முதலே மான்ட்கோமரியில் கறுப்பினத்தவர் உரிமைச் சங்கத்தின் செயலாளராக வேலை செய்தவர். ரீஸி டெய்லர் என்ற பெண்ணுக்கு நடந்த கொடுமையை விசாரிக்க 1944-ல் அந்த ஊருக்கே போனவர். அதே 1955 கோடையில் டென்னசியில் ஹைலேண்டர் பள்ளியில் பயிற்சி எடுத்தவர். பேருந்து ஓட்டுநரும் புதியவர் இல்லை, 1943-ல் இவரை மழையில் இறக்கிவிட்ட அதே ஜேம்ஸ் பிளேக். உடம்புக் களைப்பு ஏதும் இல்லை, விட்டுக்கொடுத்துக் கொடுத்துத்தான் களைத்துப்போனேன் என்று சிறுவர்களுக்காக 1992-ல் வெளிவந்த தன் வரலாற்றில் அவரே சொல்லியிருக்கிறார். களைத்த தையற்காரி என்று எழுதினால் பன்னிரண்டு வருட உழைப்பு காணாமல் போகிறது. வாசிக்கிற பிள்ளைக்கு என்ன விளங்கும்? ஒருநாள் சும்மா கோபம் வந்தால் உலகம் மாறிவிடும் என்று விளங்கும்.

அவருக்கு ஒன்பது மாதம் முன்பு, மார்ச் 2-ல், 15 வயது கிளாடெட் கோல்வின் இதே ஊரில் இதே போல எழும்ப மறுத்துக் கைதானாள். பேருந்தில் இனப் பிரிவினை செல்லாது என்று 1956-ல் தீர்ப்பு வாங்கிய வழக்கில் சாட்சி சொன்னவர்களில் அவளும் ஒருத்தி, ரோசா பார்க்ஸ் அந்த வழக்கில் இல்லை. பேருந்துகளைப் புறக்கணிக்கச் சொல்லும் துண்டறிக்கையை இரவோடு இரவாக ஆயிரக்கணக்கில் பிரதி எடுத்தவர் ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை. 381 நாள் மக்கள் நடந்தும், வண்டிகளைப் பகிர்ந்தும் வேலைக்குப் போனார்கள். இந்தப் பெயர்களில் ஒன்றாவது புத்தகத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன். நாயகன் தனியாக நின்றால் அந்தப் புத்தகம் எனக்கு வேண்டாம்.

டப்மனுக்கு அப்படித் திறந்து பார்க்க வேண்டிய இடம் அவருடைய தகப்பன் பென் ராஸ். மரம் வெட்டுகிற வேலையில் கெட்டிக்காரர். மகள் காடும் சதுப்பும் அறிந்துகொண்டது தகப்பனோடு வேலை செய்த காலத்தில். சேசபீக் கரையில் படகோட்டிகளாக இருந்த கறுப்பின ஆட்கள் வழியாகச் செய்தி போய்வந்தது. தப்பி வருகிறவர்களுக்கு உதவ வில்மிங்டனில் தாமஸ் காரெட், பிலடெல்பியாவில் வில்லியம் ஸ்டில். இவர்களெல்லாம் புத்தகத்தில் இருந்தால், ஒரு பெண் இருட்டில் வடக்கு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தாள் என்பதற்கு அப்பால் கதை விரியும்.

வானம்பாடி:

கழிவறை விஷயம் எனக்குப் புதிது, மகளிடம் சொல்கிறேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் சொல்வதெல்லாம் நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குச் சரி. வலுக்கட்டாயமாகப் புத்தகத்தைத் திறக்கிற பிள்ளைக்கு? ஒரு ஆள், ஒரு துணிச்சல், ஒரு பேருந்து என்று சுருக்கமாக இருந்தால்தானே பக்கத்தைத் திருப்பும்? பத்துப் பெயர் வந்தால் மூடிவைத்துவிடும்.

இளவெயில்:

இதற்கு நான் பதில் சொல்லலாம், ஏனென்றால் நான்தான் அந்தப் பிள்ளை. இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, வளர்ந்தது ஜார்ஜியாவில். ஒவ்வொரு பிப்ரவரியும் அதே மூன்று பேர், அதே மெல்லிய புத்தகம், கடைசிப் பக்கத்தில் எல்லோரும் கை கோத்து நிற்கிற அதே படம். எனக்குச் சலித்ததற்குக் காரணம் அந்த ஆட்கள் இல்லை, புத்தகத்தில் ஒன்றுமே நடக்காது. அவர் நல்லவர், அவருக்குக் கஷ்டம் வந்தது, அவர் துணிந்தார், சட்டம் மாறியது. நடுவில் அவர் என்ன யோசித்தார், யாரிடம் சண்டை போட்டார், எதில் தோற்றார் என்பதே இருக்காது.

அதை மாற்றியது ஃபிரெட்ரிக் டக்ளஸ், அடிமையாகப் பிறந்து தப்பி, அடிமை முறைக்கு எதிராகப் பேசியும் எழுதியும் வந்தவர். அவரும் மேரிலாந்துதான் தாமரை அக்கா, டால்பட் கவுண்டி. சின்னப் பையனாகப் பால்டிமோருக்கு அனுப்பப்பட்டபோது எஜமானி சோஃபியா ஆல்ட் அவருக்கு எழுத்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். கணவர் ஹியூ ஆல்ட் அதைக் கண்டு தடுத்துவிட்டார். படித்துவிட்டால் இவன் அடிமையாக இருக்கவே லாயக்கற்றுப் போவான் என்று பையன் காதுபடவே சொன்னார். பையன் அங்கேயே புரிந்துகொண்டான், தப்பிக்க வழி இதுதான் என்று. அப்புறம் வீட்டிலிருந்து ரொட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தெருவில் இருக்கிற ஏழை வெள்ளைக்காரப் பையன்களிடம் கொடுத்து, பதிலுக்குப் பாடம் கற்றுக்கொண்டான். இதைப் படித்தபோது எனக்கு 11 வயது, இரவில் விளக்கை அணைக்கச் சொல்லியும் அணைக்கவில்லை. ஒரு பெயரா பத்துப் பெயரா என்பது பிரச்சினையே இல்லை, அந்த ஆளுடைய மூளை வேலை செய்வதைப் பார்க்க முடிகிறதா என்பதுதான்.

ஒரு விஷயம், 1845-ல் அவர் எழுதிய முதல் புத்தகத்தை அப்படியே 10 வயதுப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். முதல் அத்தியாயத்திலேயே அத்தையை அடிக்கிற காட்சி வரும், பெரியவர்களுக்கே தாங்காது. ஆறாவது, ஏழாவது அத்தியாயம் மட்டும் சேர்ந்து உட்கார்ந்து வாசியுங்கள், எழுத்து கற்றுக்கொண்ட கதை முழுதும் அங்கேதான் இருக்கிறது. தப்பித்த கதையை அதில் தேடாதீர்கள், இருக்காது. சொன்னால் உதவி செய்தவர்கள் மாட்டிக்கொள்வார்கள், பின்னால் வருகிறவர்களுக்கும் வழி அடைபடும் என்று வேண்டுமென்றே சொல்லாமல் விட்டார். 1838 செப்டம்பரில் மாலுமி உடையில், இன்னொருவரின் காகிதத்தைக் காட்டி, ரயில் ஏறித் தப்பினேன் என்று 1881-ல் வந்த மூன்றாவது புத்தகத்தில்தான் விவரமாக எழுதினார்.

கொங்கு_ஏர்முனை:

கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பள்ளி வேலை எதுவும் இல்லை, ஆனால் பையனுக்கு (12 வயது) யாராவது விவசாயம் சம்பந்தப்பட்ட ஆளைப் பற்றிக் கொடுக்கலாம் என்று தேடி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரைப் பிடித்தேன். நாங்களும் கடலை போடுகிறவர்கள்தான். அவன் படித்துவிட்டு "அப்பா, கடலை வெண்ணெய் கண்டுபிடிச்சது இவருதான்" என்றான். தேடிப் பார்த்தால் அது இல்லை. கடலையை அரைத்துப் பசையாக்க 1884-லேயே வேறொருவர் காப்புரிமை வாங்கிவிட்டார்.

எனக்கு ஆத்திரமே வந்தது, ஏனென்றால் அவர் உண்மையில் செய்தது அதைவிடப் பல மடங்கு பெரிய வேலை. பருத்தியை விடாமல் போட்டுப் போட்டுச் சத்து இழந்த தெற்கு மண்ணில், ஒரு போகம் கடலை, தட்டைப்பயறு, சர்க்கரைவள்ளி என்று மாற்றிப் போடுங்கள் என்று ஏழைக் குத்தகைக்காரர்களிடம் போய்ச் சொன்னவர் அவர். கடலை, பயறு வேரில் இருக்கிற முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்குப் பிடித்துத் தருகின்றன, இது நம்ம ஊர்க் குழந்தைக்குக்கூடச் செடியைப் பிடுங்கிக் காட்டினால் புரியும். ஜனங்கள் பள்ளிக்கு வர முடியாது என்று 1906-ல் ஒரு வண்டியைப் பள்ளிக்கூடமாக்கிக் கிராமம் கிராமமாக அனுப்பினார்கள். 1916-ல் கடலை வளர்ப்பது எப்படி, அதை 105 விதமாகச் சமைப்பது எப்படி என்று சின்ன வெளியீடு போட்டார். விளைந்ததை என்ன செய்வது என்று தெரிந்தால்தானே விவசாயி விதைப்பான்.

கைக்குழந்தையாக இருந்தபோது தாயோடு கடத்தப்பட்டு, குழந்தை மட்டும் திரும்பக் கிடைத்தது, தாய் கிடைக்கவே இல்லை. கன்சாஸில் ஒரு கல்லூரி இடம் கொடுத்துவிட்டு, நேரில் வந்ததும் நிறத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பியது. இதெல்லாம் இருந்தும் புத்தக அட்டையில் கடலை வெண்ணெய்ப் புட்டி. நீங்கள் சொன்ன மாதிரி ஒவ்வொரு ஆளுக்கும் திறந்து பார்க்கிற இடம் என்றால், கார்வருக்கு இதுதான்.

நூலகத்தில்_ஒருவன்:

கொங்கு, மனதாரச் சொல்கிறேன், உங்கள் பதிவை அச்சடித்து எங்கள் அலமாரியில் ஒட்டலாம். கார்வர் புத்தகங்களில் "300 பொருள் கண்டுபிடித்தார்" என்று வந்தாலும் கவனமாகப் பாருங்கள். அந்தப் பட்டியலில் ஏற்கெனவே ஜனங்கள் சமைத்துக்கொண்டிருந்ததும் சேர்ந்திருக்கிறது. மொத்தம் மூன்று காப்புரிமைதான் வாங்கினார்.

இளவெயில் சொன்னதற்கு ஒரு சின்னச் சேர்க்கை. டக்ளஸுக்குத் தன் பிறந்த நாள் தெரியாது. அடிமையாகப் பிறந்த குழந்தைக்கு யாரும் எழுதிவைக்கவில்லை. அம்மா தன்னைக் காதலர் தினச் செல்லம் என்ற மாதிரி கூப்பிட்ட நினைவில் பிப்ரவரி 14-ஐத் தானே வைத்துக்கொண்டார். கார்ட்டர் வுட்சன் 1926-ல் கறுப்பின வரலாற்று வாரத்தைத் தொடங்கியபோது லிங்கன் பிறந்த 12-ம் டக்ளஸின் 14-ம் வருகிற வாரத்தை எடுத்தார், அது பிறகு மாதமாக விரிந்தது. தாமரை மகளுக்குப் பள்ளி வேலை பிப்ரவரியில் வந்ததற்குக் காரணம் அதுதான்.

செவ்வந்தி:

எல்லாம் சரி, ஆனால் பிள்ளையின் தூக்கம்? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் ஒரு தாயாகக் கேட்கிறேன்.

யாழ்_வடலி:

நியாயமான கேள்வி, செவ்வந்தி அக்கா. ரூபி பிரிட்ஜஸ் 1960 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸில் மத்திய அரசுக் காவலர்கள் சூழ, அதுவரை வெள்ளையர் மட்டும் படித்த பள்ளிக்குள் நடந்தபோது அவளுக்கு ஆறு வயது. வாசலில் நின்று பெரியவர்கள் கத்தினார்கள், ஒரு வருடம் முழுக்க வகுப்பில் அவளும் ஆசிரியை பார்பரா ஹென்றியும் மட்டும்தான். அதை ஆறு வயதில் வாழ்ந்த பிள்ளை இருக்கிறாள் என்பதற்காக நம் பிள்ளைக்கு எதையும் காட்டலாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கொடுமையைச் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அடியை வர்ணித்து வர்ணித்து எழுதுவது. மற்றது, அடி விழுந்தது என்று சொல்லிவிட்டு அந்த ஆளோடு தொடர்ந்து நடப்பது. டப்மன் தலையில் இரண்டு பவுண்டு எடைக்கல் விழுந்த சம்பவம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். ஓடிய வேறொருவரைக் குறிவைத்து எறிந்தது இவர் தலையில் பட்டது. அந்தப் பக்கத்தை எடுங்கள். ரத்தத்திலேயே நிற்கிறதா, அல்லது அதன் பிறகு வாழ்நாள் முழுக்கத் திடீர் திடீரென்று தூக்கம் சாய்த்ததையும், அந்த நிலையிலேயே ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்ததையும் சொல்கிறதா?

இன்னொன்று, இரவில் படுக்கையில் வேண்டாம். பகலில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வாசிக்கட்டும்.

இளவெயில்:

அக்கா, நான் அழுதிருக்கிறேன், அது எனக்குக் கெடுதல் செய்யவில்லை. படித்துவிட்டுப் பேச யாரும் இல்லாதபோதுதான் கஷ்டமாக இருந்தது. வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த தோழிக்கு அது புத்தகக் கதை இல்லை, அவள் பாட்டி வீட்டுக் கதை. அவளுக்கு மூடிவைக்கிற வசதி கிடையாது. அதையும் நினைத்துப் பாருங்கள்.

செவ்வந்தி:

நீ கடைசியாகச் சொன்னது எனக்குப் படுகிறது அம்மா. பகலில், பக்கத்தில் உட்கார்ந்து என்றால் எனக்கும் சம்மதம்.

கொங்கு_ஏர்முனை:

என் பையன் கேட்டதையும் சொல்லிவிடுகிறேன். "அப்பா, தனி டம்ளர் மாதிரியா?" என்றான், கார்வரைக் கல்லூரியில் திருப்பி அனுப்பிய இடத்தைப் படித்துவிட்டு. மறைக்காமல் பேசினேன். 1959-ல் மார்ட்டின் லூதர் கிங் ஒரு மாதம் இந்தியாவில் சுற்றினார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில் தன்னைத் தீண்டப்படாதவர் என்று அறிமுகப்படுத்தியபோது முதலில் அதிர்ந்ததாகவும், யோசித்துப் பார்த்தபோது ஆமாம், நானும் அதுதான் என்று உணர்ந்ததாகவும் 1965 ஜூலையில் ஒரு பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். 1946-ல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார், கறுப்பினத்தவர் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதி கேட்டு. இந்தப் புத்தகங்கள் நம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று இங்கே சிலர் கேட்கிறார்கள், அதனால் சொன்னேன்.

தாமரை_மேரிலாந்து:

இரண்டு நாள் கழித்து வருகிறேன். தடிமன் புத்தகத்தையே எடுத்தோம். மதியத்தில் இருவரும் மாறி மாறி வாசித்தோம். எடைக்கல் பக்கத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பேசினோம், அப்புறம் அவளே தொடர்ந்தாள். அவளுக்கு மிகவும் பிடித்தது 1863 ஜூன் 2, உள்நாட்டுப் போரில் தென் கரோலினா கம்பாஹீ ஆற்றில் வடக்கின் யூனியன் படையோடு போய் ஒரே நடவடிக்கையில் 700-க்கும் மேற்பட்டவர்களை விடுவித்த பகுதி. இதை ஏன் முதலிலேயே யாரும் சொல்லவில்லை, உளவாளி என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்கிறாள். அவ்வளவு செய்தவருக்கு அரசாங்கம் பென்ஷன் கொடுக்க 1890-கள் வரை இழுத்தடித்ததும், அதுவும் முதலில் கணவரின் விதவை என்ற பெயரில் மாதம் 8 டாலராக வந்து 1899-ல்தான் 20 ஆனதும் படித்துக் கோபம் அவளுக்கு. சனிக்கிழமை இரவில் கிளம்பினால் திங்கள்கிழமை வரை பத்திரிகையில் விளம்பரம் போட முடியாது என்று யோசித்ததை அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

இப்போது பேச்சு எழுதுகிறாள், அதில் இரண்டு சந்தேகம். பள்ளிச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது, ஆயிரம் பேரை விடுவித்தேன், தாங்கள் அடிமை என்று தெரிந்திருந்தால் இன்னும் ஆயிரம் பேரை விடுவித்திருப்பேன் என்று டப்மன் சொன்னதாக. அதைச் சேர்க்கலாமா? அப்புறம் உடை. தலையில் துணி கட்டி, நீளப் பாவாடை போட்டு அந்தக் காலத்துப் பேச்சு மாதிரி பேசவா என்று கேட்கிறாள்.

நூலகத்தில்_ஒருவன்:

அந்த வாசகத்தைச் சேர்க்க வேண்டாம். அவர் அப்படிச் சொன்னதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. அது மட்டுமில்லை, அடிமையாக இருந்தவர்களுக்கே அது தெரியவில்லை என்று பழியைத் திருப்பிப் போடுகிற வாசகம் அது. ஓட முடியாதவர்களுக்குத் தெரியாமல் இல்லை, பிள்ளையையும் கிழவியையும் விட்டுவிட்டு ஓட முடியவில்லை. டப்மனே தங்கை ரேச்சலைக் கொண்டுவரப் பல வருடம் முயன்றார், பிள்ளைகளை விட்டு வர ரேச்சலுக்கு மனமில்லை, 1860-ல் கடைசியாகப் போனபோது அவர் இறந்துவிட்டிருந்தார். உங்கள் புத்தகத்தில் இது இருந்தால் அந்த வாசகத்துக்குப் பதில் இதைச் சொல்லட்டும்.

உடை: பாவாடை, தலைத்துணி எல்லாம் அவள் விருப்பம். தோலுக்கு நிறம் பூசுவது கூடவே கூடாது, இந்த நாட்டில் அதற்கு ஒரு கேவலமான வரலாறு உண்டு. பேச்சையும் மாற்ற வேண்டாம். பிராட்ஃபோர்ட் எழுதிய டப்மன் பேச்சு முழுவதும் அந்தக் காலத்து வெள்ளை எழுத்தாளர்கள் கறுப்பினத்தவர் வாயில் போட்ட கொச்சை வழக்கில் இருக்கிறது. அடிமையாகப் பிறந்து உரிமைகளுக்காகப் பேசிய சோஜர்னர் ட்ரூத்துக்கு இதைவிட மோசம். அவர் நியூயார்க் மாநிலத்தில் டச்சு பேசி வளர்ந்தவர், தெற்கில் வளர்ந்தவரே இல்லை. 1851-ல் ஒஹாயோவின் ஏக்ரனில் பெண் உரிமைக் கூட்டத்தில் அவர் பேசியதை, 12 வருடம் கழித்துத் தெற்குக் கொச்சையில் மாற்றி எழுதி வெளியிட்டார் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய பெண்மணி. பேச்சு நடந்த அதே ஆண்டில் பத்திரிகையில் வந்த பதிவில் அந்தக் கொச்சையே கிடையாது. இன்றைக்கும் பல சிறுவர் புத்தகத்தில் பின்னால் வந்ததுதான் அச்சாகிறது. மகள் தன் சொந்தக் குரலில், நேராகப் பேசட்டும்.

யாழ்_வடலி:

நூலகர் சொன்னதோடு ஒன்று. "நான் ஹேரியட்" என்று தொடங்காமல், "ஹேரியட்டைப் பற்றி நான் வாசித்தது" என்று பேசலாமா என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். 70-ம் 300-ம் ஏன் வேறுபடுகிறது என்பதையே அவள் பேச்சில் சொல்லலாம், வகுப்பில் வேறு பிள்ளை 300 என்று வாசித்திருக்கும், நல்ல விவாதம் வரும். கனடாவில் ஒன்ராறியோ பக்கம் வந்தால் செயின்ட் கேத்தரின்ஸ் போங்கள். ஓடிப்போன அடிமைகளைப் பற்றிய 1850 சட்டத்துக்குப் பிறகு வட மாநிலத்திலும் பிடித்துத் திருப்பி அனுப்பலாம் என்று ஆனதால் அவர் ஆட்களை அங்கே வரை கொண்டுவந்தார். அவர் போன சேலம் சேப்பல் என்ற தேவாலயம் இன்னும் நிற்கிறது.

வானம்பாடி:

தாமரை, பிறந்த வருடம் 1820-ஆ 1822-ஆ என்பதற்குப் பதில் கிடைத்ததா? என் மகளும் கேட்கிறாள், அவளும் இந்த இழையைப் படிக்கிறாள்.

நூலகத்தில்_ஒருவன்:

1822 மார்ச்சில் மருத்துவச்சிக்கு 2 டாலர் கொடுத்ததாக நில உரிமையாளரின் கணக்கில் ஒரு வரி இருக்கிறது, அது ஹேரியட்டின் தாய்க்கான பிரசவம் என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் புதிய புத்தகங்களில் 1822. டப்மனே வேறு வேறு வருடம் சொல்லியிருக்கிறார், பழைய புத்தகங்களில் 1820 அப்படித்தான் வந்தது.

தாமரை_மேரிலாந்து:

வானம்பாடி, மகளிடம் சொல்லுங்கள், என் மகளும் அந்த 2 டாலரைப் பேச்சில் சேர்த்துவிட்டாள். ஆசிரியரிடம் கேட்டேன், சொந்தக் குரலில் பேசச் சம்மதித்துவிட்டார், சுவரில் இருந்த வாசகத்தைப் பற்றியும் சொன்னேன், பார்க்கிறேன் என்றார். வருகிற சனிக்கிழமை சர்ச் கிரீக்கில் இருக்கும் டப்மன் பார்வையாளர் மையத்துக்குப் போகிறோம். இளவெயில், அடுத்து டக்ளஸ்தான், ஆறாவது அத்தியாயத்தில் ஆரம்பிக்கிறோம். அந்த இரண்டு அத்தியாயமும் முடிந்த பிறகு 10 வயதுக்குத் தகுந்த மாதிரி முழு வாழ்க்கையையும் சொல்கிற புத்தகம் எது என்று தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள்.